அண்ணி கையில் சிவப்புத் துணி

எங்கள் அண்ணிக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளாது, கதவு அறைபடாது. பேச்சு மட்டும் நின்றுபோகும். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல உதட்டை இறுக்கிக்கொள்வார். நேரத்துக்குச் சாப்பாடு மேசைக்கு வரும், துவைத்த சட்டை மடிப்புக் கலையாமல் கட்டிலுக்கு வரும், வார்த்தை வராது. எதிர்த்தரப்பு என் அண்ணன். அவனுக்கும் அதே வியாதிதான். நடுவில் நான், தம்பி என்ற பெயரில் ஒரு தபால்காரன். "குழாய் ஒழுகுதுன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லிடுங்க தம்பி" என்பார் அண்ணி. குழாய், அண்ணன், அண்ணி எல்லாம் அப்போது ஒரே சமையலறையில்தான் இருக்கும்.

அண்ணனை அவன் என்று எழுதுகிறேன். கூடப் பிறந்தவன், சின்ன வயதில் என்னை நிறைய அடித்திருக்கிறான், அந்த உரிமை எனக்கு உண்டு. அண்ணியை அப்படி எழுத எனக்கு மனசு வராது.

அண்ணி விமான மெக்கானிக். உடனே பெரிய விமான நிலையத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். புல் வெட்டிய ஓடுதளம், ஒரு தகரக் கொட்டகை, அதற்குப் பக்கத்தில் ரேடியோ அறை, மைதானத்தின் மறுகோடியில் நாங்கள் குடியிருந்த வீடு, அவ்வளவுதான். விமானமும் ஒன்றே ஒன்று. வெள்ளை உடம்பும் நீளக் கால்களுமாக நிற்பதால் அதற்குக் கொக்கு என்று பெயர் வைத்திருந்தோம். நாலு பேர் உட்காரலாம், அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு. மலைக்கு அந்தப் பக்கம் சாலை போகாத ஊர்களுக்கு மருந்தும் தபாலும் நர்சம்மாவும் கொக்கில்தான் போக வேண்டும். அண்ணன் ஓட்டுவான், அண்ணி பழுது பார்ப்பார், நான் ரேடியோவில் உட்காருவேன். மேலதிகாரிகள் எங்கோ நகரத்தில் இருந்தார்கள். எங்களுக்கு அது குடும்பத்துப் பெட்டிக்கடை மாதிரிதான்.

அண்ணியின் அப்பா லாரி மெக்கானிக். பெண் அவருடைய பட்டறையில் கிடந்தே எஞ்சினைப் பழகி, பிறகு படித்து, விமானத்துக்கு வந்தவர். தளத்தில் எல்லோரும் 'ஸ்பானர்' என்றுதான் கூப்பிடுவார்கள், மரியாதையோடுதான். அண்ணன் அவரை முதலில் பார்த்தபோது கேட்டது, "இந்த எஞ்சின் ஏன் இருமுது?" என்று. அண்ணி காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "குடிக்கிற பெட்ரோல்ல தண்ணி இருக்கு" என்றாராம். இருந்தது. அந்தப் பதிலைத்தான் அவன் கல்யாணம் செய்துகொண்டான் என்று நான் இன்றைக்கும் கேலி செய்வேன்.

தண்ணீர் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தளத்துக்கு பெட்ரோல் டிரம்மில் வரும், சாயங்காலம்தான் வரும். வந்தவுடன் ஊற்ற அண்ணி விடமாட்டார். இரவு முழுக்க அசையாமல் நின்று, கசடும் தண்ணீரும் அடியில் தங்கிய பிறகு, காலையில் கைப்பம்பு போட்டு, தோல் துணியில் வடிகட்டி ஊற்றுவார். அதனால் இரவில் கொக்கின் வயிறு பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். யாராவது தெரியாமல் கிளப்பிவிடக் கூடாதே என்று, கொக்கு தரையிறங்கியதும் அதன் முன்விசிறியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார். ஊற்றி முடித்த பிறகுதான் அவிழ்ப்பார். துணி இருந்தால் வயிறு காலி, துணி இல்லை என்றால் வயிறு நிறைவு. பேசாத நாட்களிலும் அந்தத் துணி இருவருக்கும் நடுவே ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தது.

விமானத்துக்குள் பெட்ரோல் அளவு காட்டும் முள் ஒன்று இருந்தது. இருந்தது என்று சொல்லத்தான் முடியும். அது பாதியில் சிக்கிக்கொண்டு பல மாதங்கள் ஆகியிருந்தன. டேங்க் நிறைந்தாலும் பாதி, காய்ந்தாலும் பாதி. புது முள் வரும்வரை கொக்கைப் பறக்கவிடக் கூடாது என்றார் அண்ணி. அண்ணன் சிரித்தான். அதுவும் ஊரிலிருந்து வந்திருந்த நாலு பேர் முன்னால், "என் பொண்டாட்டி கட்டுற துணிதான் என் மீட்டர், முள் யாருக்கு வேணும்?" என்றான். அவன் பெருமையாகத்தான் சொன்னான். அண்ணியின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று வளர்ந்த பெண், தன் பேச்சுக்கு நாலு பேர் சிரித்தால் என்ன ஆகும்? அன்று மாலை உதடுகள் ஒட்டிக்கொண்டன.

அந்த மௌனம் நீண்டது. நான் தபால் சுமந்து அலுத்துப் போனேன்.

ஒரு காலை நேரம். மலையில் மேகம் இறங்குவதற்குள் நர்சம்மாவை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட வேண்டும். தடுப்பூசிப் பெட்டியோடு அந்த அம்மா சீக்கிரமே வந்து கொட்டகை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அண்ணி கொட்டகைக்குப் பின்னால், கொக்கு நின்ற இடத்தில், டிரம்மைத் திறக்கப் போனார். மூடியின் விளிம்பு எங்கோ வளைந்து கூராகியிருந்திருக்கிறது. நெம்பியபோது வழுக்கி, உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. நல்ல ஆழம். ரத்தம் டிரம்மின் மேல் சொட்டியது. தோல் துணியை எடுத்துக் கட்ட முடியாது, அழுக்கானால் வடிகட்ட முடியாது. கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது கொக்கின் விசிறிதான். சிவப்புத் துணியை அவிழ்த்துக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, கழுவி மருந்து போட்டு வரலாம் என்று வீட்டுப் பக்கம் நடந்தார்.

மைதானத்தின் நடுவில் அண்ணன் எதிரே வந்தான்.

இந்த இடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டு பேர், கட்டின புருஷன் பெண்டாட்டி, கை நீட்டினால் தொட்டுக்கொள்ளும் தூரத்தில் கடந்து போகிறார்கள். இவர் பார்க்கட்டும், என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கட்டும் என்று அண்ணி கையை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி நடந்தார். அண்ணன் பார்க்கவும் செய்தான். சிவப்புத் துணியில் ரத்தம் எங்கே தெரியப் போகிறது? துணி அவிழ்ந்துவிட்டது, ஊற்றி முடித்துவிட்டாள், துவைக்க எடுத்துப் போகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். கேட்கவில்லை. "இன்னும் ஊத்தல" என்று அண்ணியும் சொல்லவில்லை. இரண்டு மூஞ்சிகளும் இரண்டு திசையைப் பார்த்துக்கொண்டு போயின.

ரேடியோவில் வழக்கம் போலக் கேட்டேன். "பெட்ரோல்?"

"ஃபுல்லு. உங்க அண்ணி துணியை எடுத்துட்டுப் போறதை நானே பார்த்தேன்" என்றான் அண்ணன்.

கொக்கு ஓடி, எழும்பி, வீட்டுக் கூரைக்கு மேல் திரும்பி, மலைப் பக்கம் போனது. நான் தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

வீட்டில் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணியின் தலைக்கு மேல்தான் அந்தச் சத்தம் போனது. எஞ்சின் கிளம்பியபோது, சூடு பண்ணுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாராம். பிறகு ஜன்னலில் நிழல் ஓடியதும் குழாயைக்கூட மூடவில்லை. துணியைத் திரும்பக் கையில் சுற்றிக்கொண்டு, செருப்பில்லாமல் மைதானம் முழுக்க ஓடி வந்தார். ரேடியோ அறைக் கதவை உதைத்துத்தான் திறந்தார்.

"கிளம்பிட்டாரா?"

"இப்பத்தான் அண்ணி. ஏன், கையில என்ன?"

"பெட்ரோல் ஊத்தல தம்பி."

அண்ணி என்னைத் தள்ளிவிட்டு மைக்கை எடுத்தார். பட்டனை அழுத்தினார். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. இத்தனை நாள் பூட்டிக் கிடந்த வாய் அல்லவா, ஒரு நொடி சாவி கிடைக்கவில்லை.

"கொக்கு, கொக்கு. நான் பேசுறேன். கேக்குதா? ஓவர்."

எஞ்சின் இரைச்சலும் கரகரப்பும் வந்தன. "யாரு?" என்றான் அண்ணன். யாரென்று தெரியாமல் கேட்கவில்லை. அவ்வளவு நாளைக்குப் பிறகு அந்தக் குரல் தன்னிடம் பேசியதை அவனால் நம்ப முடியவில்லை.

"நான்தாங்க. பெட்ரோல் ஊத்தவே இல்ல. நேத்து மிச்சம்தான் டேங்க்ல இருக்கு. முள்ளைப் பார்க்காதீங்க. ஓவர்."

"துணியை உன் கையில பார்த்தேனே."

"டிரம் மூடியில கையை அறுத்துக்கிட்டேன். அதுக்குக் கட்டினேன்."

அங்கே பட்டனை விடாமல் பிடித்திருந்தான். இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"ஆழமா?" என்றான்.

அண்ணிக்கு வந்த ஆத்திரத்தைப் பார்க்க வேண்டும். "என் கை கெடக்கட்டும்! நீங்க எங்க இருக்கீங்க, அதைச் சொல்லுங்க!"

"காட்டுக்கு மேல. மலை முன்னால தெரியுது. அப்படியே திரும்பி வந்துடுறேன்."

"வராதீங்க."

"என்னது?"

"வராதீங்கன்னு சொல்றேன். நேத்து குச்சி விட்டுப் பார்த்தேன், நுனிதான் நனைஞ்சுது. இங்க வந்து சேர அது போதாது, வழி முழுக்கக் காடு. இடது கைப் பக்கம் அணைக்கட்டு இருக்குல்ல, அதுக்குக் கீழ சோளம் அறுத்த நிலம் வெட்டவெளியா கெடக்கு. ஜீப்ல போறப்ப பார்த்தேன். அங்க போங்க."

திரும்பி வருவதுதான் எந்த ஓட்டுநருக்கும் தோன்றும். தெரிந்த ஓடுதளம், தெரிந்த காற்று. அவன் வாதாடுவான் என்றுதான் நான் நினைத்தேன். வீட்டில் ஒரு ஆணி அடிக்கக்கூட வாதாடுகிறவன்.

"சரி" என்றான்.

அண்ணி மைக்கை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. "மறுபேச்சே பேசல தம்பி. அந்தத் துணியை நம்பித்தான் இப்படி மாட்டினாரு. இப்பவும் நான் சொன்னதையே நம்புறாரே. நான் சொன்னது தப்பா இருந்தா?"

தொலைபேசியில் அணைக்கட்டு அலுவலகத்தைக் கூப்பிட்டு, ஆட்களை அனுப்பச் சொன்னேன். அங்கே எடுத்தவர் இரண்டு முறை "விமானமா?" என்று கேட்டார். மூன்றாவது முறை கேட்டிருந்தால் தொலைபேசி வழியாகவே அவரை அறைந்திருப்பேன்.

அதற்குள் ரேடியோ மறுபடி பேசியது. "அணை தெரியுது. நர்சம்மா பெல்ட்டை இறுக்கிட்டாங்க."

"எவ்வளவு உயரம் இருக்கீங்க?"

"போதும்னு நெனைக்கிறேன்." பிறகு, "இருமுது" என்றான்.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். எங்களுக்கும் கேட்டது. இரைச்சல் அறுந்து அறுந்து வந்தது, ஒரு முறை சீறியது, பிறகு நின்றேபோனது. அந்த ரேடியோவில் அண்ணன் பேசி நான் கேட்ட காலம் முழுக்க எஞ்சின் சத்தத்தோடு சேர்ந்துதான் அவன் குரல் வரும். இப்போது அது பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல அத்தனை தெளிவாக வந்தது.

"நின்னுடுச்சு. இப்ப நல்லா கேக்குதா?" என்றான்.

"கேக்குது. நல்லா கேக்குது. பேசிக்கிட்டே இருங்க."

"இந்தா பாரு, நீ..."

அவ்வளவுதான். அணைக்கரையின் மேட்டுக்குக் கீழே போய்விட்டான், ரேடியோ எட்டவில்லை. அண்ணி கூப்பிட்டார், கொக்கு, கொக்கு என்று. பிறகு கொக்கை விட்டுவிட்டு, என்னங்க, என்னங்க என்று கூப்பிட்டார். வெறும் கரகரப்பு. நான் அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்க வேண்டியிருந்தது. பட்டன் முழுக்க ரத்தம்.

ஜீப்பில் போகும்போது அண்ணி மடியில் ஸ்பானர் பெட்டி இருந்தது. "வேகமா ஓட்டுங்க தம்பி" என்றார். அணைக்கட்டுத் திருப்பம் வந்ததும், "மெதுவா போங்க" என்றார். கொஞ்ச நேரம் அங்கே போய்ச் சேராமல் இருந்தால் நல்லது என்று எனக்கும்தான் தோன்றியது.

நிலம் அண்ணி சொன்ன மாதிரியே வெட்டவெளியாகத்தான் கிடந்தது. கொக்கு ஒழுங்காகத்தான் இறங்கியிருக்கிறது. சக்கரத் தடம் நேராக நீளமாகப் போயிருந்தது. சாலையிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு வாய்க்கால் கடைசியில் குறுக்கே ஓடியது. அதில் கால் மாட்டி, மூக்கைத் தரையில் குத்தி, ஒரு இறக்கை மடிந்து கிடந்தது. வரப்பில் நர்சம்மா ஒரு தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அணைக்கட்டு ஆட்கள் கதவை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணியின் கையைப் பார்த்ததும் நர்சம்மா எழுந்து, "அம்மா, நில்லுங்க, நீங்கதானே..." என்று ஏதோ சொல்ல வந்தார். அண்ணி நிற்கவில்லை.

அண்ணன் இருக்கையிலேயே இருந்தான். நெற்றி உடைந்திருந்தது, கண் மூடியிருந்தது. இருக்கை முன்னால் நகர்ந்து, வலது கால் அதற்கும் நசுங்கிய முன்பக்கப் பலகைக்கும் நடுவே மாட்டியிருந்தது. ஒருவர் கடப்பாரையைத் தூக்கினார். "அதைத் தொடாதீங்க" என்று அண்ணி போட்ட சத்தத்தில் அவர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டார். இருக்கைக்கு அடியில் தலையை நுழைத்து, மல்லாந்து படுத்து, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். கை வழுக்கியது. துணியோடு சேர்த்து ஸ்பானரைப் பிடித்துத் திருகினார். பெட்ரோல் வாசனை துளிகூட இல்லை. பெட்ரோல் இல்லாததால்தான் விழுந்தது, அது இல்லாததால்தான் தீப்பிடிக்கவில்லை. இதை நினைத்து அழுவதா சிரிப்பதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கழற்றிக்கொண்டே அவனிடம் பேசினார். "பேசுங்க. ஏதாவது பேசுங்க. திட்டுங்க. இத்தனை நாள் பேசாம இருந்தது போதாதா? வாயைத் திறங்க." அவன் திறக்கவில்லை. கடைசி போல்ட் கழன்று இருக்கை பின்னால் போனது. நாலு பேர் சேர்ந்து தூக்கி வரப்பில் கிடத்தினோம். மூச்சு இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அண்ணி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, "என்னங்க" என்று ஒரு முறை கூப்பிட்டுவிட்டு அடங்கிப்போனார்.

அப்போது நர்சம்மா பக்கத்தில் வந்து மண்டியிட்டார். அண்ணனின் நாடியைப் பார்த்தார், கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு தடுப்பூசிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி என்னை ஏவினார். அவருடைய வலது தோள் எலும்பு முறிந்திருந்தது என்பது பிறகுதான் தெரியும். இடது கையாலேயே ஊசியில் மருந்தை ஏற்றி, அண்ணியின் சட்டைக் கையை மேலே தள்ளினார்.

"எனக்கு எதுக்குங்க? அவரைப் பாருங்க" என்றார் அண்ணி.

"அவரைப் பார்த்தாச்சு. அவரு சொல்லித்தான் உங்களுக்குப் போடுறேன்" என்றார் நர்சம்மா. "எஞ்சின் நின்னதுலேருந்து அந்த மைக்ல உங்ககிட்டதான் பேசிட்டு வந்தாரு. அவங்களுக்குக் கேக்கல, கட்டாயிடுச்சுன்னு நானே சொன்னேன். விடல. அந்த டிரம் மூடி துருப்பிடிச்சது, ஊசி போடாம விட்டுடாத, சொன்னா நீ கேக்க மாட்டியேன்னாரு. கடைசியில என்கிட்ட திரும்பி, எறங்கினதும் மொதல்ல அவளுக்குப் போட்டுடுங்கன்னாரு. நான் சாமி கும்பிட்டுட்டு வந்தேன், இவரு ஊசியைப் பத்திப் பேசிட்டு வந்தாரு."

ஊசி ஏறியது. அண்ணி அசையவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

"போட்டாச்சா?"

யார் கேட்டது என்று எங்களில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தோம். அண்ணன்தான். கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

அதற்குப் பிறகு அண்ணி அழுத அழுகையை அணைக்கட்டு ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்களாம். அழுகைக்கு நடுவே அவனைத் திட்டிய திட்டையும்.

விசாரணைக்கு நகரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். "குச்சி விட்டுப் பார்க்காம ஏறினது நான், தப்பு என்னுது" என்றான் அண்ணன். "ஊத்தாம துணியை அவுத்தது நான்" என்றார் அண்ணி. அதற்கும் ஒரு சண்டை, அதுவும் வந்தவர்கள் முன்னாலேயே. முள்ளை மாற்றச் சொல்லி எத்தனை முறை கேட்டோம் என்று நான் நடுவில் நுழைந்து கத்தியதும்தான் வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அண்ணனின் வலது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. இனி ஓட்ட முடியாது என்று மருத்துவர் சொன்ன அன்று அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அண்ணி விடவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவன் பதில் சொல்லும்வரை பேசிக்கொண்டே இருந்தார். வேறொரு விமானம் வந்தது, வேறொரு ஓட்டுநர் வந்தார், ஒழுங்காக வேலை செய்யும் முள்ளும் வந்தது. அண்ணன் என் ரேடியோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். நான் இப்போது டிரம் உருட்டுகிறேன், இதுதான் நான் கண்ட பலன்.

சண்டை நின்றுவிட்டதா என்று கேட்கிறீர்களா? நேற்றுக்கூட நடந்தது. என்ன காரணமோ தெரியாது, காலையிலிருந்தே அண்ணியின் உதடு இறுகியிருந்தது. விமானம் கிளம்பும் நேரத்தில் ரேடியோ அறை வாசலில் வந்து நின்றார். கையில் சிவப்புத் துணி.

"உங்க மேல கோவமா இருக்கேன். நல்ல கோவம். டேங்க் நிறைஞ்சிருக்கு, குச்சி விட்டுப் பார்த்தாச்சு, துணியை நான்தான் அவுத்தேன். உங்க மாத்திரை மேசை மேல இருக்கு" என்றார்.

"நானும் கோவமாத்தான் இருக்கேன்" என்றான் அண்ணன், திரும்பிப் பார்க்காமல். "கேக்குதா? ஓவர்."

"கேக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணி வாசலைவிட்டுப் போனார்.